விடிந்தால் செத்துக்கிடக்கும் உன் வண்டி

கொரட்டூர்,
திங்கட்கிழமை சாயங்காலம்.

போன வாரம் வரைக்கும் என் அன்புக்கும் பாசத்துக்கும் உரியவனாக இருந்த மச்சான் உதயகுமாருக்கு, உன் அக்கா வேம்புலியம்மாளின் புருஷன் நாகப்பன் எழுதுவது. வேப்பம்பட்டில் நீயும் உன் சம்சாரமும் உங்கள் மகள் கல்யாணப் பெண் சுவேதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் தெரு அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் சௌக்கியம். பிள்ளை தினேஷ் சௌக்கியம். உன் அக்கா சௌக்கியமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன், என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீ என் தலையில் கட்டிய கார் மட்டும் சௌக்கியமில்லை. இன்று காலையும் செத்துக்கிடந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் வண்டிப் பேச்சை எடுத்தாலே ‘மாமா, சிக்னல் கட்டாவுது’ என்று நீ வைத்துவிடுகிறாய். குடும்ப குரூப்பிலும் எழுத முடியாது, நான் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன். போன வாரம் விடிகாலையில் பதற்றத்தில் ‘மறுபடியும் உயிர் போய்விட்டது’ என்று ஒரே வரி போட்டேன். ஆவடி வரதன் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று பதில் போட்டான். அவன் போட்டதைப் பார்த்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். யார் செத்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? வரதன் மாலையோடு வந்து இறங்கினான். நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவன் அதிர்ந்தான், மாலையைப் பார்த்து நான் அதிர்ந்தேன். வாங்கி வந்த மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்று அதை வண்டிக்கே போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனான். ஆகவே இந்தக் கடுதாசியைத் தினேஷ் கையில் கொடுத்து நாளைக் காலை ரயிலில் அனுப்புகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

வண்டியைக் கொடுத்த அன்றைக்கு நீ பேசின பேச்சு எனக்கு மறக்கவில்லை. புது வேன் எடுத்த கையோடு வந்து, “மாமா, ரிட்டேர் ஆயிட்ட, இன்னும் ஷேர் ஆட்டோல தொங்கிகினு கீற. இத்த வச்சிக்கோ. குதிர மாரி ஓடும்” என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, அத்தோடு நிறுத்தினாயா? கேட்டைத் தாண்டும்போது திரும்பி, “ஒண்ணே ஒண்ணு மாமா, டிக்கிய மட்டும் ஓங்கி அட்ச்சி சாத்து” என்றாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மண்ணூர்பேட்டை கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். நான் பார்த்து முத்திரை குத்தாமல் ஒரு பாகம் வெளியே போனதில்லை. எனக்கே கதவு சாத்தச் சொல்லித்தருகிறாய்! உனக்கு அது சவாரி வண்டி, ஓங்கி அடித்திருப்பாய். எனக்கு அது வீட்டுக்கு வந்த மகாலட்சுமி. அன்றிலிருந்து அந்த டிக்கியை நான் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத்தான் சாத்துகிறேன்.

முதல் நாளே வினை வந்தது. எதிர்வீட்டு ஜம்புலிங்கத்தை உனக்குத் தெரியும், ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த பழைய குடும்பத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாயால் எதையாவது நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது மூன்றாம் நாள் தாங்காது. எங்கள் முருங்கையைப் பார்த்து ‘இன்னாமா காய்ச்சிகீது’ என்றார், அந்த வாரமே கிளை முறிந்து ஒயர் மேல் விழுந்து தெருவுக்கே கரண்ட் போனது. அப்பேர்ப்பட்டவர் நம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “நாகப்பா, சோக்கா கீதுப்பா, மாப்ள மாரி நிக்குது பாரு!” என்றார். அன்றைக்கே கடைக்கு ஓடினேன். முன்பக்கத்துக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். பின்பக்கத்துக்குக் கறுப்புக் கயிற்றில் கோத்த படிகாரக் கட்டி. வெளியே கட்டினால் தெருநாய் கடித்து இழுக்கும் என்பதால், மூளையைச் செலவழித்து, கயிற்றின் ஒரு முனையை டிக்கிக்குள்ளே இருக்கிற கொக்கியில் முடிந்து, மிச்சத்தை வெளியே வால் மாதிரித் தொங்கவிட்டு, டிக்கியை மெல்லச் சாத்தினேன். என் வேலையை நானே நின்று ரசித்தேன்.

விடிந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ என்று பல்லி கத்துகிற சத்தம். அவ்வளவுதான். ஹாரன் இல்லை, லைட் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டேன் மச்சான். ஒரு பார்வைக்கு இவ்வளவு சக்தியா! ஜம்புலிங்கமே வெளியே வந்து, தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டார். அடித்தவரே ஆறுதல் சொன்ன கதைதான். அன்றைக்கு இன்னொரு கயிறு வாங்கி, சங்கு கோத்து, அதே கொக்கியில் சேர்த்துக் கட்டினேன். மறுநாளும் ‘டிக் டிக்’. அதற்கு மறுநாள் ஆகாசக் கருடன் கிழங்கு. இப்படி ஒரு சாவுக்கு ஒரு கயிறு என்று சேர்ந்து, சுண்டுவிரல் தடிமனில் இருந்தது இன்றைக்குத் தாம்புக்கயிறாகி நிற்கிறது. என்ன கட்டியும் கேட்கவில்லை என்றால், திருஷ்டியைத் தாண்டி உன் வண்டியிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அறிவியல் பக்கம் திரும்பினேன்.

பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கருவியை வைத்துப் பார்த்து, “நல்லாத்தானே கீது, சார்ஜு ஏத்தினா நிக்கும்” என்றார். நம்புவேனா? நீ ஓட்டித் தள்ளின பேட்டரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தம் புதுசு வாங்கி மாட்டினேன். குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தேன். மறுநாள் காலை... என்னவென்று எழுதுவேன். புது பேட்டரி, மச்சான்! கவர் கிழித்த வாசனை போகாத பேட்டரி! அதுவும் ‘டிக்... டிக்...’. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தினேஷ் சோடா வாங்கி வந்தான்.

அதன் பிறகுதான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் கடை வைத்திருக்கிற மெக்கானிக் முகமது ஆசிக்கை வரவழைத்தேன். பேச்சில் கெட்டிக்காரன். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தான், பதினாலு வோல்ட்டுக்கு மேலே காட்டியது. “சார்ஜ் ஆவறதுல கொற இல்ல அண்ணாத்தே. பேட்டரியும் புத்சு. அப்ப நீ வண்டிய நிறுத்திட்டு ஊட்டுக்குள்ள போனப்புறம் எதுவோ ஒண்ணு உக்காந்து கரண்ட்ட துன்னுகினு கீது” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறானாம்!

அதை எப்படிப் பிடிப்பது தெரியுமா? சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் சாத்தி, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டான். போகிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பீடியை எடுத்தான். “இன்னாப்பா உக்காந்துட்ட?” என்றேன். “இரு அண்ணாத்தே, வண்டி தூங்கணும். உள்ள கம்பியூட்டர் கீதே, அது அசந்து தூங்க கொஞ்ச நேரம் ஆவும். தூங்கினப்புறமும் மீட்டர்ல நெம்பர் பெர்சா நின்னுச்சின்னா, எதுவோ முழிச்சிகினு கீதுன்னு அர்த்தம்” என்றான். வண்டி தூங்குமா! நான் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளை எல்லாம் அடக்கினேன். ஜம்புலிங்கம் ரேடியோவை நிறுத்தினார். உன் அக்கா அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்த காலம், டீயைக் கொண்டுவந்து, “தூங்கிச்சா?” என்று காதோடு கேட்டாள். எல்லாரும் ரகசியக் குரலில் பேசிக்கொண்டு அந்த மீட்டரையே பார்த்தோம். எண் இறங்கியது, இறங்கியது, ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. “பாத்தியா, முழிச்சிகினு கீது!” என்று ஆசிக் பீடியை எறிந்தான்.

“டிக்கி லைட்டு ஒருக்கா பாரு” என்றான். நான் போய்த் திறந்தேன். பளிச்சென்று எரிந்தது. முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாக ‘ஓகே’ என்றது. திறந்தபடியே விட்டு முன்னால் வந்து மீட்டரைப் பார்த்தேன், எண் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. “பார்த்தாயா தம்பி, டிக்கியைத் திறந்தாலும் அதே எண், மூடினாலும் அதே எண். டிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது” என்று தீர்ப்புச் சொன்னேன். ஆசிக்கும் தலையாட்டினான். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஹாரன் பியூஸ், ஒன்றுமில்லை. வைப்பர், ஒன்றுமில்லை. அடுத்ததைப் பிடுங்கினான் பார், எண் தடாலென்று விழுந்துவிட்டது! “மாட்டிகிச்சி!” என்று கத்தினான். அந்த ஒரு பியூஸில் உள்விளக்கு, டிக்கி விளக்கு, ரேடியோ மூன்றும் இருக்கிறதாம். உள்விளக்கு எரியவில்லை, கண்ணாடி வழியாகவே தெரிகிறது. டிக்கியைத்தான் நான் ஓகே பண்ணிவிட்டேனே. மிச்சம்? “ரேடியோதான் அண்ணாத்தே, கம்பெனி செட்டு இல்ல, எவனோ வெளியில போட்ட செட்டு” என்றான் ஆசிக்.

எவனோ இல்லை, நீ! சவாரிக்காரர்கள் பாட்டுக் கேட்க வேண்டும் என்று நீ மாட்டின செட்டு! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன் என்றான் ஆசிக். “தேவையில்லை, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அனுப்பிவிட்டு, நானே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி, உன் ரேடியோவை வேரோடு பிடுங்கினேன். கூடவே ஏழெட்டு ஒயரும் வந்தது. பியூஸைத் திரும்ப மாட்டினேன், ஜெயித்த தெம்பில் இன்னொரு கயிறும் கட்டினேன், மெல்லச் சாத்தினேன்.

மறுநாள் காலை ‘டிக்... டிக்...’.

நான் கத்தின கத்தலில் ஜம்புலிங்கம் கூப்பிடாமலே ஒயரோடு வந்து நின்றார். ரேடியோவே இல்லாத வண்டியில் ரேடியோ எப்படிக் கரண்ட் தின்னும்? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் சனிக்கிழமை உன் அக்காவிடம் சொன்னேன்: உன் தம்பி தெரிந்தேதான் இந்த வண்டியைத் தள்ளிவிட்டான், அவன் வந்து இதைத் திருப்பி எடுத்துப்போகிற வரைக்கும் அவன் வீட்டு வாசப்படியை நாம் மிதிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை சுவேதா நிச்சயதார்த்தத்துக்கும் போகப்போவதில்லை என்று. அவள் அப்போது நிறுத்தின பேச்சுதான். “தினேஷு, உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு போட்டாச்சின்னு” என்று என் எதிரிலேயே நின்று சொல்கிறாள். பெண்ணுக்கு அத்தை, முதல் தட்டை அவள்தான் எடுத்து வைக்க வேண்டும். போகவில்லை என்று சொன்ன பிறகும் அந்தப் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். பார்க்காத மாதிரி நான் பேப்பரை விரித்துக்கொள்கிறேன். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆகவே இதுதான் முடிவு. வியாழக்கிழமைக்குள் நீயே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. இல்லையென்றால் வெள்ளிக்கிழமை எங்களை எதிர்பார்க்காதே. அக்கா தம்பி உறவு அறுந்ததற்கு நான் காரணமில்லை, நீ மாட்டின கோளாறுதான் காரணம் என்று ஊரார் தெரிந்துகொள்ளட்டும்.

சுவேதாவுக்கு இந்த மாமனின் மனப்பூர்வமான ஆசீர்வாதம். பதினாறும் பெற்று, ஓடுகிற வண்டியில் போகிற வாழ்க்கை அவளுக்கு அமையட்டும். உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
நாகப்பன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு.

கடுதாசியை ஒட்டி மேஜை மேல் வைத்தபோது தெருவில் கரண்ட் போனது. தினேஷ் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. காய்ந்த துணி எடுக்கப் பக்கத்துச் சந்துக்குப் போன உன் அக்காவின் குரல் மட்டும் கேட்டது: “தினேஷு, உங்கப்பாகிட்ட சொல்லு, வண்டி பின்னால வெளக்கு எரிஞ்சிகினு கீதுன்னு.” இல்லாத பிள்ளையிடம் சொல்கிறாள் என்றால் அவசரம் என்று புரிந்து ஓடினேன். தெருவே கும்மிருட்டு. நம் வண்டியின் டிக்கி இடுக்கில் மட்டும் கயிறு போகிற இடத்தில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக்கோடு. மதியம்தான் ஜம்புலிங்கம் புண்ணியத்தில் வண்டியைக் கிளப்பிப் பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிவந்து நிறுத்தியிருந்தேன், அந்த உயிரை அந்த விளக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

என் கண்ணையே நம்ப முடியவில்லை. இருந்தாலும் இடுக்கில் தெரிந்ததை வைத்து முத்திரை குத்துகிறவனா நான்? சாவியை உன் அக்கா கையில் கொடுத்துவிட்டு, டிக்கிக்குள் ஏறிப் படுத்தேன். முழங்கால் மூக்கில் இடித்தது. “நான் சாத்துற மாதிரியே மெல்லச் சாத்து” என்றேன். சாத்தினாள். மச்சான், கதவு மூடியிருக்கிறது, விளக்கு எரிகிறது! கயிற்றுக் கட்டு நடுவில் நிற்பதால் கதவு முழுசாக அமரவே இல்லை. கதவு திறந்தே இருக்கிறது என்று அந்த விளக்கு ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. ஒரு சாவுக்கு ஒரு கயிறு என்று நான் கட்டக் கட்ட இடுக்கு பெரிதானதுதான் மிச்சம். விளக்கு எரிகிறதா என்று பார்த்தேனே தவிர, சாத்தினால் அணைகிறதா என்று பார்க்கவில்லை. அதிர்ச்சியில் “எரியுது! எரியுது!” என்று கத்திவிட்டேன். தீ என்று நினைத்து ஜம்புலிங்கம் பக்கெட் தண்ணீரோடு ஓடிவந்தார்.

“கயித்த அவுத்துட்டு ஓங்கிச் சாத்து” என்றேன். அவிழ்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று நாள் கோபத்தையும் கையில் சேர்த்து அடித்தாள் பார், காது அடைத்துவிட்டது. விளக்கு பட்டென்று அணைந்தது. “அணைஞ்சிடுச்சி வேம்பு! கண்டுபுடிச்சிட்டேன்! தொற!” என்றேன். திறக்கவில்லை.

“யோவ், கேக்குதா?” என்றாள். மூன்று நாளில் என்னிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை.

“கேக்குது, தொறம்மா.”

“தொறக்கறேன். வெள்ளிக்கெழம என் தம்பி ஊட்டுக்கு வர்ரியா, வல்லியா? அத்த மொதல்ல சொல்லு.”

“வேம்பு, மூச்சு முட்டுது.”

“எனக்கு மூணு நாளா அப்டித்தான்யா முட்டிகினு கீது. நான் தூக்கி வளத்த புள்ளயோட பொண்ணுக்கு நிச்சயம். நான் இங்க தட்டத் தேய்ச்சிகினு கெடக்கறேன்.”

எனக்கு இருட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உதயா. உன்னிடம் மறைப்பானேன்.

“சொல்லிடு நாகப்பா, பக்கெட்டு கனமா கீது” என்றார் ஜம்புலிங்கம்.

“வரேன்” என்றேன்.

“என் தம்பியப் பத்தி கடுதாசில இன்னா எய்திகீற?”

டிக்கிக்குள் இருந்துகொண்டு பொய் சொல்ல முடியுமா? ஒன்று விடாமல் சொன்னேன். வெளியே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் பக்கெட் உருளுகிற சத்தமும் கேட்டது. அதற்கப்புறம்தான் திறந்தாள். கடுதாசியைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. “கிழிக்காத. அப்டியே அனுப்பு. எப்டியாப்பட்ட ஆளோட நான் குடும்பம் பண்ணிகினு கீறேன்னு என் தம்பியும் தெரிஞ்சிக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே இதை எழுதுகிறேன்.

உன் ரேடியோ பத்திரமாக ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது. ஒயர்களும் அதே பையில்தான். ஆசிக்கைக் கூப்பிட வேண்டும், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியவில்லை. கயிறெல்லாம் அவர் கண்ணுக்காகக் கட்டினது என்று ஜம்புலிங்கத்திடம் சொல்லவில்லை, நிச்சயத்துக்கு மட்டும் அவரையும் அழைத்து வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியிலேயே வந்துவிடுகிறோம். தட்டெல்லாம் டிக்கியில் இருக்கும். நீ வாசலுக்கு வந்து இறக்கிக்கொண்டு, டிக்கியை உன் கையாலேயே ஓங்கி அடித்துச் சாத்திவிடு. எனக்கு இன்னும் மனசு வரவில்லை.